மூடி வண்டி

முன்னால் போகும் ஜீப்பை ஓட்டுகிறவரை எல்லாரும் மூக்கு என்பார்கள். நடுவில் போகும் லாரியின் டிரைவர் கேப்டன். கடைசியில், கூரையில் மஞ்சள் விளக்கு சுழலும் சின்னக் காரில் வருகிற அவள் வால். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வேறு இருந்தன. வாக்கி-டாக்கியில் அவற்றுக்கு வேலை இல்லை.

நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண்ணுக்குப் போய் வால் என்று பேர் அமைந்ததை நினைத்து மூக்கு தனக்குத்தானே சிரித்துக்கொள்வார்.

"எங்க வீட்டுல ரெண்டு வாலுங்க இருக்கு, கூரையப் பிச்சு எறியுதுங்க. நீயும் ஒரு வாலு! உயிரோட இருக்கியான்னு அப்பப்ப கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கு."

"இருக்கேன் சார்" என்பாள். அதோடு சரி.

அவர்கள் கொண்டுபோவது காற்றாலையின் இறக்கை. ஒரு லாரிக்கு ஒன்றுதான். ஐந்து பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்த நீளம் வரும். லாரியின் பின்சக்கரங்களுக்கு அப்பாலும் இறக்கையின் நுனி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நேரான சாலையில் அது சாதுவான பிராணி. மெதுவாகப் போகும், அவ்வளவுதான். எல்லாச் சங்கடமும் திருப்பத்தில்தான்.

இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கேப்டன் முதலில் வலப்பக்கம் போவார். அகலமாக வளைத்தால்தான் அத்தனை நீளமும் திரும்பும். அப்போது இடப்பக்க மூலை காலியாகத் தெரியும். பின்னால் வருகிறவர்களுக்கு, லாரிக்காரன் பெரிய மனசு பண்ணி வழி விட்டுவிட்டான் என்று தோன்றும். அது வழி இல்லை. லாரி எடுத்துக்கொள்ளப் போகிற இடம். இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கேப்டன் திருப்பத் தொடங்கியதும் லாரியின் நடுப்பகுதி மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். பின்சக்கரங்கள் ஓரத்தை உரசிக்கொண்டு போகும். அதே நேரத்தில் நுனி எதிர்ப்பக்கம் வீசி, வலப்பக்கச் சாலையைப் பெருக்கித் தள்ளும்.

ஆக, திருப்பத்தில் இரண்டு பக்கமும் யாரும் வரக்கூடாது. ஒரு சின்னக் காரால் இரண்டு பக்கத்தையும் அடைக்க முடியாது. அதற்காக வால் ஓட்டுகிறவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் அது இல்லை. காலையில் கிளம்பும்போது, பின்னால் சேரும் வண்டிகளில் பாரம் ஏற்றிய ஒரு லாரியைப் பார்த்து, அதன் டிரைவரிடம் போய்ப் பேசி, கடைசிவரை தனக்கு நேர் பின்னால் வரச் சொல்ல வேண்டும். அந்த லாரிக்கு மூடி என்று பெயர். திருப்பம் வந்தால் வால் வலப்பக்கம் குறுக்கே நிற்கும். மூடி இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். நீள வண்டி எப்படித் திரும்பும் என்று லாரி டிரைவருக்குத் தெரியும். அவர் அசைய மாட்டார். அவர் அசையாவிட்டால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் அசைய முடியாது.

முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் அவள். ஆனால் மூடி கேட்பதற்கு மட்டும் பழகியிருந்தாள். அன்றைய மூடி ஒரு ஜல்லி லாரி. டிரைவர் கழுத்தில் துண்டு சுற்றிய ஆள்.

"அண்ணே, பங்க் வரைக்கும் என் பின்னாலயே வர்றீங்களா?"

"மூடியா? வர்றேம்மா. எங்க வீட்டுக்காரி என்னை ஓட்டைப் பாத்திரம்பா. நீ மூடிங்கிற. பதவி உயர்வுதான்."

அவள் சிரித்தாள். அவர் லாரியைக் கிளப்பி அவளுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

பாதி தூரம் போனபிறகு சாலைக்குக் குறுக்கே ஒரு மின்கம்பி தாழ்ந்து தொங்கியது. இறக்கையின் முதுகு அதில் பட்டுவிடும். கேப்டன் நிறுத்தினார். மூக்கு இறங்கிப் போய், நீளக் கழியால் கம்பியை உயர்த்திப் பிடிக்க ஆள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவள் இஞ்சினை அணைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது. அக்கா.

"அடியே, முன்னாடி நிக்கிற றெக்கை உன்னோடதா?"

"ஆமாக்கா. நீ எங்க இருக்க?"

"எங்கன்னு சொல்றது? ஒரு ஜல்லி லாரி, அது பின்னாடி ரெண்டு வேன், அது பின்னாடி நாங்க. உங்க அத்தான் ஸ்டியரிங்கையே கடிச்சுத் தின்னுடுவார் போல இருக்கு."

பின்னாலிருந்து அத்தானின் குரல் வந்தது. "கொழுந்தியாகிட்ட சொல்லு, கூடப்பிறந்த அக்காவுக்கு வழி விடலேன்னா வீட்டுப் பக்கமே வர வேணாம்னு!"

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சீக்கிரந்தான்டி எழுந்தோம். சின்னவன் கார் சாவிய எடுத்து மாவு டப்பாவுக்குள்ள போட்டுட்டான். தேடி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு." அக்காவின் குரல் தணிந்தது. "பேரைக் கூப்பிடறப்போ நான் அங்க இருக்கணும்டி. ஏதாவது பண்ண முடியுமா?"

அன்று அக்காவுக்குப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்கும் நாள். கணக்கு டீச்சராக இருந்தவள், முதல் குழந்தை பிறந்தபோது வேலையை விட்டாள். கொஞ்ச நாளைக்கு என்று விட்டது, இரண்டாவது பிறந்து, அதுவும் சாவியை ஒளித்துவைக்கிற அளவுக்கு வளரும்வரை நீண்டது. பிறகு, குழந்தைகள் தூங்கியதும் சமையல் மேடையில் புத்தகத்தை விரித்து நின்றுகொண்டே படித்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம். அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். இன்று மதிப்பெண் வரிசையில் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது இருந்தால், காலியாக இருக்கும் பள்ளிகளில் பிடித்ததைக் கேட்கலாம். அக்கா மனதில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வீட்டுக்குப் பின்தெருவில், மணி அடித்தால் சமையலறையில் கேட்கும் தூரத்தில். கூப்பிடும்போது இல்லையென்றால், கடைசியில் மிஞ்சுவதைத்தான் வாங்க வேண்டும். தூரமாகக் கிடைத்தால் வேண்டாம் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

முந்தைய நாள் மாலை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டில் முழுக்கச் சான்றிதழ்கள். குழந்தைகள் உள்ளே வராதபடி வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டிருந்தாள் அக்கா. அத்தான் தன் சட்டையை இரண்டாவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வேலை உங்களுக்கா அத்தான்?" என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அக்காவே கேட்டுவிட்டாள்.

இந்த வேலையில் அவள் சேர்ந்தபோது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. லாரிக்குப் பின்னால் கொடி பிடிக்கவா படிக்க வைத்தோம் என்றார்கள். அக்கா ஒருத்திதான், "அவளுக்கு ஆளுங்ககிட்ட வாய் திறக்கத்தான் வராது. கொடி பேசட்டுமே, விடுங்க" என்றாள். அந்த அக்கா இதுவரை அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"கேப்டன் சார், பின்னால ஒரு கார் அவசரமாப் போகணும். எங்கயாவது ஒதுங்க முடியுமா?"

"ஆம்புலன்ஸா?"

"இல்ல சார்."

"அப்ப பங்க் வரைக்கும் பொறுக்கட்டும்மா. அதுக்கு முன்னால ஒதுங்க இடமே இல்ல. அங்க எல்லாரையும் விட்டுடலாம்."

பங்க் என்பது திருப்பம் தாண்டி இருந்த பெட்ரோல் பங்க். லாரி அங்கே ஒதுங்கும். பின்னால் தேங்கியவை ஒவ்வொன்றாகப் போகும். ஜல்லி லாரி உருண்டு கிளம்பவே நேரமாகும். அக்காவின் கார் அதற்கு முன்னால் இருந்தால் முதலில் போய்விடும். சில நிமிடங்கள் மிஞ்சும். அந்தச் சில நிமிடங்களைத்தான் அவளால் அக்காவுக்குக் கொடுக்க முடியும்.

இறங்கிப் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் ஓரம் கட்டிக்கிறீங்களா? பின்னால ஒரு காரை முன்னால விடணும்."

ஜல்லி லாரிக்காரர் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். "அடுத்தது திருப்பம்மா."

"தெரியும்ணே. கார் வந்ததும் நீங்க அதுக்குப் பின்னால சேர்ந்துக்கலாம்."

"மூடியத் திறந்து வெச்சுக்கிட்டா திருப்பத்துக்குப் போவே?"

"அவங்க எனக்கு வேண்டியவங்க. சொன்னா கேட்டுப்பாங்க."

"வேண்டியவங்களா!" என்று இழுத்தார். "எம் மச்சினன் ஒருத்தன் எனக்கு வேண்டியவன்தான். நான் சொல்லி ஒண்ணு கேட்டதில்ல." ஆனாலும் லாரியை ஓரத்து மண்ணில் இறக்கினார். அது அவளுடைய வேலை, அவளுடைய முடிவு.

கார் முனகிக்கொண்டே வேன்களைத் தாண்டி வந்தது. அவள் அத்தான் பக்க ஜன்னலில் குனிந்தாள்.

"அத்தான், திருப்பத்துல நான் வலப்பக்கம் குறுக்க நிப்பேன். நீங்க இடப்பக்கம் அப்படியே நின்னுடணும். லாரி வலப்பக்கம் போற மாதிரி இருக்கும். இடப்பக்கம் நிறைய இடம் இருக்கிற மாதிரி தெரியும். ஆனா அது..."

"எனக்கேவா?" என்றார் அத்தான். "உனக்கு சைக்கிள் பிடிச்சுக் கத்துக்குடுத்தவன் நான்."

அந்தப் பக்க இருக்கையில் அக்கா, மடியில் ஃபைலோடு இருந்தாள். கையை நீட்டி அவள் விரல்களை ஒரு தடவை அழுத்தினாள்.

"தேங்க்ஸ்டி."

காருக்குப் பின்னால் ஜல்லி லாரி சேர்வதற்குள் கம்பி உயர்ந்துவிட்டது. "போகலாம்" என்றார் கேப்டன். வரிசை நகர்ந்தது. காத்திருந்து அலுத்த வேன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வேன்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டிகள் தைத்துவிட்ட மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தன. ஜல்லி லாரி ஓரத்திலேயே நின்றுபோனதை அவள் கண்ணாடியில் பார்த்தாள். நிறுத்தச் சொல்லலாமா என்று வாக்கி-டாக்கியில் கை வைத்தாள். ஏன் என்று கேட்பார்கள். கையை எடுத்துவிட்டாள்.

திருப்பம் வந்தது. இடப்பக்க மூலையில் ஒரு மதகு. அதன் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம்.

"மூக்கு, எதிர்ல?" கேப்டனின் குரல்.

"எதிர்ல நிறுத்தியாச்சு."

"வால், பின்னால?"

தினமும் சொல்கிற பதில்தான். பின்னால மூடியாச்சு. அவள் காரைச் சாலையின் வலப்பக்கம் குறுக்காக நிறுத்தியிருந்தாள். இடப்பக்கம் அத்தானின் கார் நின்றது. ஒரு வண்டி நிற்கிறதுதானே என்று எண்ணினாள். எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பின்னால மூடியாச்சு சார்."

சிவப்புக் கொடியோடு இறங்கினாள். லாரி வலப்பக்கம் அகன்றது. இடப்பக்க மூலை மெல்ல மெல்லத் திறந்தது. ஒரு கல்யாண ஊர்வலமே போகலாம், அத்தனை இடம்.

வலப்பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் அவள் காரைச் சுற்றிக்கொண்டு வரப் பார்த்தான். இறக்கையின் நுனி அந்தப் பக்கம்தான் வீசப்போகிறது. கொடியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் காலை ஊன்றி நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு கார் முதல் கியரில் கிளம்பும் சத்தம் கேட்டது.

திரும்பினாள். அத்தானின் கார் மூலைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மதகுச் சுவருக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த இடம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறுகியது. காரின் பின்கண்ணாடி வழியே அக்காவின் தலை தெரிந்தது. குனிந்திருந்தது. ஃபைலில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு!" என்று வாக்கி-டாக்கியில் கத்தினாள். "கேப்டன், நில்லு! நில்லு!"

பெரிய வண்டி நினைத்த மாத்திரத்தில் நிற்காது. காற்றுப் பிரேக்குகள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டன. லாரியின் பின்சக்கரம் இன்னும் கொஞ்சம் உருண்டது. அத்தான் பக்கக் கண்ணாடியை டயர் தொட்டது. கதவைச் சாத்துவதுபோல் அந்தக் கண்ணாடியை மெதுவாக மடக்கிவிட்டு நின்றது. இறக்கையின் நுனி மட்டும் நிறுத்திய பிறகும் வெகுநேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

அவள் ஓடினாள். அத்தான் பக்கக் கதவு டயரில் இடித்தது. அக்கா பக்கக் கதவு சுவரில் இடித்தது. அக்கா இருக்கைகளுக்கு நடுவில் பின்னால் தாவி, பின்கதவை ஒருக்களித்துத் திறந்து, ஃபைலை முதலில் கொடுத்துவிட்டு, தானும் நழுவி வெளியே வந்தாள். வந்தவள் திரும்பி டயரைப் பார்த்தாள். அவள் மார்பு உயரம் இருந்தது அது.

"நான் பார்க்கவே இல்லடி" என்றாள்.

கேப்டன் நடந்து வந்தார். அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் அவருடைய கோபம் பாதி வழியிலேயே இறங்கிவிட்டிருக்க வேண்டும். முகம் மட்டும் கறுத்திருந்தது.

"மூடி எங்க?"

"நான்தான் சார் எடுத்தேன். இவங்க என் அக்கா."

"பின்னால மூடியாச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன் சார்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "கார் வெளிய வராம நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்றார்.

கார் பின்வாங்க வேண்டும். பின்வாங்க இடமில்லை. மூடி இல்லாத வரிசை, காருக்குப் பின்னால் வந்து நெருக்கி நின்றிருந்தது. கடைசி வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்க வேண்டும்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று அக்கா கேட்டாள்.

"உன் பேரைக் கூப்பிடறதுக்குள்ள ஆகாதுக்கா."

அக்கா லாரிக்கு அப்பால் சாலையைப் பார்த்தாள். "நடந்து அந்தப் பக்கம் போனா?"

அவள் கேப்டனைப் பார்த்தாள். அவர் போய் இஞ்சினை அணைத்து, சாவியை உருவி, லாரி அசையாது என்று தூரத்திலிருந்தே உயர்த்திக் காட்டினார்.

அக்காவும் அவளும் இறக்கையை ஒட்டி நடந்தார்கள். பக்கத்தில் வெள்ளையாக, முடிவே இல்லாததுபோல் அது கூடவே வந்தது. அடிப்பக்கத்தில் சாலைத் தூசி. அக்கா போகிறபோக்கில் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னாடி தினமும் தனியா வர்றியாடி நீ?"

"தனியா இல்லக்கா. மூடி இருக்கும்."

"அது யாரு?"

சொன்னாள். எதற்காக அது இருக்கிறது, இன்று ஏன் இல்லை, எல்லாவற்றையும். அக்காவிடம் இவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல வருடம் ஆகியிருக்கும்.

"நீ கேட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்" என்று முடித்தாள்.

"சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும்."

"தெரியும்."

"ரெண்டு மாசம் பேசியிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"அப்புறம் பேசியிருப்பேன்ல?" என்றாள் அக்கா.

அவளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கொடிதான் கையில் இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் மூக்கு நிறுத்தி வைத்திருந்த வண்டிகளில் சில திரும்பி வேறு வழியாகப் போகத் தொடங்கியிருந்தன. மூக்கு ஒரு வேனைக் கைகாட்டி நிறுத்தினார்.

"முட்டை வேன்தான் இருக்கு. பரவாயில்லையாம்மா?"

"எதா இருந்தாலும் சரிங்க."

"உக்காருங்க" என்றான் வேன்காரன். "குலுங்காம கொண்டுபோய் விடறேன். ஆனா வேகமாப் போகச் சொல்லாதீங்க. அதுக்கு நான் ஆள் இல்ல."

வேன் போன பிறகு அவள் திரும்பி வந்தாள். அத்தான் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இடம் இருந்துச்சு" என்றார். "என் கண்ணால பார்த்தேன்."

"இருந்துச்சு அத்தான்."

"அப்புறம் எப்படி..."

"நீங்க பார்த்தப்போ இருந்துச்சு."

அவர் மடங்கிப்போன கண்ணாடியையே பார்த்தார். "அவ ஒண்ணும் கேக்கலம்மா. நேரத்தப் பார்ப்பா, ஃபைலப் பார்ப்பா, திரும்பவும் நேரத்தப் பார்ப்பா. அதத்தான் என்னால பார்த்துட்டு இருக்க முடியல."

அவளாலும் முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

வரிசையின் கடைசிக்குப் போய், ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "தப்பு என்னோடதுங்க. கொஞ்சம் பின்னால எடுங்க." கொடி இங்கே பேசாது, வாயைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. சிலர் திட்டினார்கள். சிலர் திட்டிக்கொண்டே எடுத்தார்கள். வேன்காரர் ஒருவர், "உங்க ஆளுங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா?" என்றார்.

"ஆமாங்க" என்றாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டார்.

ஜல்லி லாரிக்காரர் இறங்கி வந்து, பின்னால் எடுக்கிற வண்டிகளுக்குத் துண்டை வீசி வழி சொல்லிக்கொண்டிருந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லக்கூடும் என எதிர்பார்த்தாள். அவர், "அந்த நீலக் கார்க்காரனுக்கு ரிவர்ஸ் வராது போலம்மா. நான் பார்த்துக்கறேன், நீ முன்னால போ" என்றார்.

அத்தானின் கார் வெளியே வந்தது. மூடி மறுபடி அதனிடத்துக்கு வந்தது. அத்தான் கேட்காமலே வரிசையில் வேன்களுக்குப் பின்னால் போய் நின்றார்.

"வால், பின்னால?"

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் இன்னொரு தடவை பார்த்தாள்.

"வால், உயிரோட இருக்கியா?" என்றார் மூக்கு.

"இருக்கேன் சார். பின்னால மூடியாச்சு."

லாரி திரும்பியது. மதகுச் சுவருக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் மிஞ்சியது. கார் நின்ற இடம் முழுவதும் இப்போது லாரியாக இருந்தது.

பங்கில் ஒதுங்கி எல்லாரையும் விட்டார்கள். அத்தான் தாண்டும்போது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி லேசாக அசைத்தார். மெதுவாகத்தான் போனார். கேப்டன் டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கம்பெனிக்கு நானே சொல்லிடறேன் சார்."

"சொல்லு" என்றார். பிறகு, "என்னைப் போய் 'நில்லு'ன்னு ஒருமையில கத்தினியே, அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. குனிந்து அடுத்த டயரைத் தட்டப் போய்விட்டார்.

மதியத்துக்குமேல், அடுத்த நிறுத்தத்தில், அக்கா கூப்பிட்டாள். லாரி நின்றிருந்தது. அவள் இஞ்சினை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"போய்ச் சேர்ந்தியாக்கா?"

"சேர்ந்தேன். முட்டை ஒண்ணுகூட உடையல." அக்கா மூச்சு விட்டாள். "பேரைக் கூப்பிட்டுத் தாண்டிட்டாங்கடி. பின்தெரு பள்ளிக்கூடத்த எனக்கு அடுத்து இருந்த பொண்ணு வாங்கிட்டுப் போயிட்டா. எங்க சமையலறையில மணி அடிச்சா அவ ஞாபகந்தான் வரும் இனிமே."

"உனக்கு?"

"கடைசியில உக்கார வெச்சாங்க. மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. உங்க பெட்ரோல் பங்க் இருக்குல்ல, அதுக்கும் அந்தப் பக்கம். ரெண்டு பஸ் மாறணும்."

"வேணாம்னுட்டியா?"

"வாங்கிட்டேன்."

"வீட்டுல? அத்தான் என்ன சொன்னார்?"

"அவர் என்ன சொல்வார்? இன்னிக்கு அவர் வாயத் திறக்கிற நாளா?" அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "தூரந்தான்டி. சின்னவன் எந்திரிக்கிறதுக்கு முன்னால கிளம்பணும். ஆனா நின்னுக்கிட்டே படிச்சதுக்கு, பஸ்ஸுல உக்காந்துக்கிட்டுப் போற வேலை கிடைச்சிருக்கு. விட மனசு வரல."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் புதிதாக ஒரு வரிசை சேரத் தொடங்கியிருந்தது. பஸ் ஒன்று, கார்கள், யாரென்று தெரியாத முகங்கள்.

"அப்ப தினமும் இந்த ரோட்டுலதான் வருவியா?"

"ஆமா. உன் றெக்கைக்குப் பின்னாடி எத்தனை நாள் நிக்கணும்னு எழுதியிருக்கோ. நின்னா, யாரோன்னு நெனச்சுக்கடி."

"அது முடியாதுக்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"நான் கூப்பிட்டா போன எடுக்காம இருக்க முடியும்ல?"

"முடியும்" என்றாள் அவள்.